சிரிக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்

எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு பையன் வேலை செய்கிறான். மேற்கு வங்கம், மால்டா பக்கம். கோவைக்கு வந்து ஏழெட்டு மாதம் இருக்கும். போன வாரம் ஒருநாள் காலையில் கடைக்காரரிடம், "அண்ணா, சக்கரை இல்ல. நேத்து மார்க்கெட் போறேன்" என்றான்.

பெஞ்சில் இருந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நேத்து போறியா? அப்ப முந்தாநாளே வாங்கீட்டு வந்துருவியா?" என்று ஒருவர் கேட்க, மறுபடியும் சிரிப்பு. பையனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அப்புறம் டம்ளர் கழுவப் போய்விட்டான். நான் டீ குடித்து முடிக்கும் வரை அவன் வாயைத் திறக்கவில்லை.

நான் சிரிக்கவில்லை. நான் நல்லவன் என்பதால் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்பாக இருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். இன்றைக்கு ஏன் சிரிப்பதில்லை, நீங்களும் ஏன் சிரிக்கக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பையன் செய்த தவறைப் பார்ப்போம். வங்காளியில் 'கால்' என்ற ஒரே சொல் நேற்றைக்கும் ஆகும், நாளைக்கும் ஆகும். இந்தியில் 'கல்' என்பதும் அப்படியேதான். பின்னால் வரும் வினைச்சொல்லை வைத்து எந்த நாள் என்று புரிந்துகொள்வார்கள். பையன் வினைச்சொல்லைச் சரியாகத்தான் போட்டான்: 'போறேன்'. அவன் கணக்குப்படி அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை. அவனுக்கு இன்னொரு மொழி தெரியும் என்பதற்கு அந்தத் தவறே அத்தாட்சி. சிரித்த நாலு பேரில் ஒருவர் அஞ்சு வருடம் டெல்லியில் உத்தியோகம் பார்த்தவர். அங்கே காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டித்தான் பேரம் பேசினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை கிடையாது. சின்ன வயதில் சாயங்கால வகுப்புக்குப் போய் இந்திப் பிரசார சபைப் பரீட்சைகளை எழுதியவன் நான். பிராத்மிக், மத்தியமா, ராஷ்டிரபாஷா என்று வரிசையாகப் பாஸ் செய்தேன். சர்டிபிகேட்டுகளை அம்மா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். பின்னாளில் வங்கி வேலையில் சேர்ந்து, பயிற்சிக்காக வடக்கே போனபோது, ரயில் நிலையத்தில் வாயைத் திறந்து "காடி கப் ஆதா ஹை?" என்று கேட்டேன். இந்தியில் ரயில்வண்டி பெண்பால். 'ஆதீ ஹை' என்று கேட்டிருக்க வேண்டும். உடன் வந்தவர்கள் அந்தப் பயிற்சி முடியும் வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் "காடி ஆதா ஹை" என்று சொல்லிச் சிரித்தார்கள். மூன்று சர்டிபிகேட் வாங்கிய இந்தி அன்றோடு என் வாயிலிருந்து போயிற்று. இன்று வரை படித்தால் புரியும், பேச வராது.

அதனால் 1984ல் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது ஜாக்கிரதையாக இருந்தேன். அந்த வருடம்தான் அங்கே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. தமிழர்கள் நிறைய இருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் வீடு பார்த்துக்கொண்டேன். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் நடக்கிற தூரத்தில். பேச்சுத் துணைக்கு நம் ஆட்கள். ஆபீசில் ஆங்கிலம். மூன்று வருடம் இருந்தேன். வங்காளியில் பத்து வார்த்தை தெரியாது. "நமக்கு லாங்குவேஜ் வராதுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். அது பொய். எனக்கு மொழி வராமல் இல்லை. இன்னொரு தடவை சிரிப்புக்கு ஆளாகப் பயம்.

அப்புறம் பாங்குரா மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளைக்குப் போட்டார்கள். அங்கே லேக் மார்க்கெட் கிடையாது. பேசாவிட்டால் சோறு கிடையாது. வங்காளியை எழுத்தில் பார்த்தால் நமக்குத் தெரிந்த சமஸ்கிருதச் சொல்லாக இருக்கும். வாயில் வேறாக வரும். எழுதுவது லக்ஷ்மி, சொல்வது லொக்கி. சோறு, தண்ணீர், டீ, சிகரெட் எல்லாவற்றையும் 'சாப்பிடத்தான்' வேண்டும். தண்ணீர் குடிப்பதற்குத் தனி வினைச்சொல் தேடி நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே ஆறுதல், இந்தி மாதிரி ரயில் ஆணா பெண்ணா என்ற தொல்லை அங்கே இல்லை. மனிதர்களுக்கே அந்த வித்தியாசம் கிடையாது. வந்தவன் அவனா அவளா என்பது வினைச்சொல்லில் தெரியாது.

ஆனால் நம் 'நீ', 'நீங்கள்' மாதிரி அங்கே மூன்று உண்டு. பெரியவர்களுக்கு 'ஆப்னி', பழகியவர்களுக்கு 'துமி', ரொம்ப நெருங்கியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் 'துய்'. எனக்கு முதலில் வாயில் ஒட்டியது 'துமி'. ஒரு நாள் பென்ஷன் வாங்க ஒரு பெரியவர் வந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல். கூட்டம் அதிகம், நிற்க முடியாமல் நின்றார். நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு "துமி போஷோ" என்றேன். நம் ஊரில் எழுபது வயது வாத்தியாரைப் பார்த்து முப்பத்தேழு வயது ஆள் "நீ உக்காரு" என்றால் எப்படியோ, அப்படி.

கவுண்டரில் இருந்த பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை, முகமும் மாறவில்லை. உட்கார்ந்தார். எதிர் நாற்காலியைக் கையால் காட்டி, நிதானமாக, "ஆப்னியோ போஷுன்" என்றார். நீங்களும் உட்காருங்கள் என்று அர்த்தம். சரியான சொல்லை எனக்கு மரியாதையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தச் சொல் எனக்கு இன்று வரை மறக்கவில்லை. அன்று அவர் சிரித்திருந்தால், என் வங்காளியும் இந்தி போன வழியே போயிருக்கும். இரண்டு வருடத்தில் மீன் கடைக்காரனிடம் சண்டை போடும் அளவுக்குப் பேசினேன். (மீன் பக்கத்து வீட்டுக்காரருக்கு. எனக்குச் சண்டை மட்டும்தான்.)

இனி, சொல்லக் கூச்சமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். மகள் வயிற்றுப் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. அங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு லீவுக்கு வந்தபோது, இறங்கியதிலிருந்து ஒரே தமிழ்தான். "அப்புச்சி, இது என்ன? அம்மாயி, அது எதுக்கு?" என்று தொண தொணவென்று பேச்சு. சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். என் பெரியண்ணன் உள்ளே வந்தார். எண்பது வயது, கையில் தடி. யாரும் சொல்லாமலே குழந்தை எழுந்தாள். தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளி, "நீ இங்க உக்காரு" என்றாள்.

மண்டபமே சிரித்தது. நம் ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். குழந்தையைக் கூட "வாங்க கண்ணு" என்று அழைக்கிற கொங்கு நாடு. "யாரு, பெரியவரையே நீங்கறா!" என்று ஆளுக்கு ஆள் கேலி. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். குடும்ப வாட்ஸப் குரூப்பில் அது வந்தது. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. அதில் ஒன்று நான் போட்டது.

ஆங்கிலத்தில் தாத்தாவுக்கும் 'யூ'தான், தம்பிக்கும் 'யூ'தான். அவள் செய்ததும் மால்டா பையன் செய்ததும் ஒரே தவறு. பாங்குராவில் நான் செய்ததும் அதே தவறு. வார்த்தைக்கு வார்த்தை அதேதான். அந்தக் குழந்தை மரியாதையை உடம்பால் செய்துவிட்டாள். விகுதி மட்டும்தான் பாக்கி. அதை எடுத்துக் கொடுக்க மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முப்பது வருடத்துக்கு முன்பு எனக்கு ஒருவர் எடுத்துக் கொடுத்தாரே, எனக்குமா தோன்றியிருக்கக் கூடாது?

மிச்சமிருந்த பத்து நாளும் அவள் ஆங்கிலம்தான் பேசினாள். ஊருக்குத் திரும்பிய சில மாதத்தில் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, அவ தமிழ் கிளாசுக்குப் போக மாட்டேங்கறா. காரணம் கேட்டா சொல்லவும் மாட்டேங்கறா." காரணம் எனக்குத் தெரியும்.

உங்களில் பலர் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். "பாசத்திலதானே சிரிச்சோம்" என்பீர்கள். பாசம் சிரிக்கிறவருக்குத்தான் தெரியும். சிரிக்கப்படுகிறவருக்குச் சிரிப்பு மட்டும்தான் காதில் விழும். "நாங்கெல்லாம் வாத்தியாரிடம் அடி வாங்கிப் படிக்கலையா?" என்பீர்கள். அடி வாங்கிப் படித்த இந்தியும் ஆங்கிலமும் நம்மில் எத்தனை பேருக்குச் சரளமாக வாயில் வருகிறது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். நம் கோவையிலேயே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வாசலைத் தாண்டினால் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் யாரும் அடி வாங்கி இரண்டு மொழி கற்கவில்லை. பேசப் பேச வந்தது.

"அப்ப தப்பாவே பேசட்டும்னு விட்டுரலாமா?" என்று கேட்பீர்கள். விட வேண்டாம். திருத்துங்கள். ஆனால் அந்தப் பெரியவர் மாதிரி திருத்துங்கள். "நேத்து போறேன்" என்றால் "சரிப்பா, நாளைக்குப் போயிட்டு வா" என்று சொன்னால் போதும். பாடமும் ஆயிற்று, மரியாதையும் மிஞ்சிற்று.

இன்னொரு வேடிக்கை. புத்தகத்தில் படித்துவிட்டு வந்து, "நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?" என்று ஒரு வெளியாள் கேட்டால், நாடகத் தமிழ் என்று சிரிக்கிறோம். தெருவில் கேட்டுக் கற்றுக்கொண்டு பேசினால், கொச்சைத் தமிழ் என்று சிரிக்கிறோம். எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று என்று இரண்டையும் கற்க வேண்டிய கஷ்டம் நம் மொழிக்கு வருகிறவர்களுக்கு உண்டு. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இதைப் பார்த்துத்தான் செந்தமிழுக்குத் தனியாக, பேச்சுத் தமிழுக்குத் தனியாக லத்தீனில் இலக்கணம் எழுதினார். ழகரத்துக்காகக் கேலி செய்கிறவர்களும் உண்டு. வாயப்பயம், வாளப்பளம் என்று நம் ஜனங்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் நாட்டில் இது கொஞ்சம் அதிகப்படி.

சென்னை மெரினாவுக்குப் போனால் வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல் மூவரின் சிலைகளையும் பார்க்கலாம். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தவை. ஒருவர் தேம்பாவணி பாடினார். ஒருவர் 1856ல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினார். போப் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 1900ல், எண்பது வயதில். வயதாகிவிட்டது, இனிமேல் மொழி எங்கே வரப்போகிறது என்று சொல்லும் நம் செட்டுக்கு இது ஒரு சேதி. வந்த புதிதில் இவர்கள் மட்டும் பிழையில்லாமலா பேசியிருப்பார்கள்? தமிழ் பேசிய வெளியூர்க்காரர்களுக்குக் கடற்கரையில் சிலை வைத்துவிட்டு, டீக்கடையில் தமிழ் பேசும் வெளியூர்க்காரனைக் கேலி செய்வது என்ன நியாயம்?

தமிழ் அழிகிறது, பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை என்று நம் வாக்கிங் கோஷ்டியில் தினமும் புலம்பல் கேட்கிறேன். பள்ளிக்கூடத்தைத் திட்டுகிறோம், டிவியைத் திட்டுகிறோம், மருமகளைத் திட்டுகிறோம். அந்தப் பிள்ளைகள் கடைசியாகத் தமிழில் வாய் திறந்தபோது நாம் என்ன செய்தோம் என்று ஒருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

போன மாதம் வீடியோ காலில் பேத்தியிடம் அந்த 'துமி போஷோ' கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தப்பும் தவறுமாக. அவள் சிரிக்காமல் கேட்டாள். "அந்தத் தாத்தா சிரித்தாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பட் யூ லாஃப்ட், அப்புச்சி" என்றாள்.

"ஆமாம் கண்ணு. தப்புதான். மன்னிச்சுக்கோ" என்றேன். "இட்ஸ் ஓகே" என்றாள். இன்னும் தமிழில் பேசவில்லை. எப்போது பேசுவாள் என்று தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பேரனோ பேத்தியோ, தெருவில் வேலைக்கு வந்த பையனோ தப்பாகத் தமிழ் பேசினால், முதலில் அவர் சொல்ல வந்ததற்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலிலேயே சரியான சொல் இருக்கட்டும். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ரொம்ப முட்டிக்கொண்டு வந்தால் கொல்லைப்புறம் போய்ச் சிரித்துவிட்டு வாருங்கள்.