ஒரு மைல் தூரம்

திருத்தணிப் பக்கத்துப் பள்ளிப்பட்டுக் கடைத்தெருவில் காலை எட்டரைக்கு நின்றால் ஒரே காட்சிதான். மஞ்சள் வேன் ஹாரன் அடிக்கும். அப்பாவின் டூவீலரில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒன்று, நடுவே நசுங்கும் பை. தனியாக நடந்து வரும் ஆறேழு வயதுப் பிள்ளையைக் கண்டால், "யார் வீட்டுப் பிள்ளை, இப்படி விட்டிருக்கிறார்கள்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நாங்களெல்லாம் நடந்துதானே படித்தோம், இந்தக் காலத்துப் பெற்றோருக்குத்தான் பயம் அதிகம் என்பது பெரியவர்களின் பேச்சு. பெற்றோர் மேல் இப்படிப் பழி போடுவது எளிது.

பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பிள்ளைகள் இருட்டு விலகுமுன்பே தாமாகப் போய்ச் சேர்ந்தார்கள். பிந்தி வந்தால் பிரம்படி. வராதவனை இழுத்துவர மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை கிளம்புவான். ஆனால் அந்தத் திண்ணை பெரும்பாலும் அதே ஊரில், நாலு வீடு தள்ளித்தான் இருந்தது. இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு இருந்த நாளில் மங்கலங்கிழார் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள். வாத்தியார்தான் பிள்ளைகளைத் தேடி வந்தார்.

ம.பொ.சி.யும் திருத்தணி விநாயகமும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி வட்டாரமும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அப்போது முதல்வர் காமராஜர். ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்பது அவர் காலத்துக் கணக்கு. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதைச் செய்துகாட்டினார். சின்னப் பிள்ளையின் கால் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. தனியே நடந்த பிள்ளைக்குத் துணிச்சல் ஒரு பங்கு என்றால், இந்தத் திட்டம் மூன்று பங்கு.

அந்தக் காலம் எல்லோருக்கும் பொற்காலம் இல்லை. காலனிப் பிள்ளை ஊர்த்தெரு வழியே போகத் தயங்கிய காலமும் அதுதான். வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது சர்வசாதாரணம். யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதை ஊர் தீர்மானித்தது. பிள்ளையைக் கவனித்துக்கொண்டதும் அதே ஊர்தான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பழம்பெருமை பேசுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

பிறகு இங்கிலீஷ் மீடியம் வந்தது, வேன் வந்தது. ஒரு மைலுக்குள் இருந்த பள்ளியைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகும் வழக்கம் வந்தது. 2009-இன் கட்டாயக் கல்விச் சட்டமும் அதன் விதிகளும் தொடக்கப்பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வரம்பு போட்டன. ஆனால் பிள்ளைகள் ஏற்கெனவே வேனில் ஏறிவிட்டிருந்தார்கள். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் ஓடும் பள்ளிப் பேருந்தின் ஓட்டைத் தளம் வழியே விழுந்து ஆறு வயதுச் சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்குச் சிறப்பு விதிகள் வந்தன. தேவையான விதிகள்தான். ஆனால் வேனுக்குள் இருக்கும் பிள்ளையைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம், வேனுக்கு வெளியே நடக்கும் பிள்ளைக்கு அவ்வளவு எழுதவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1971-இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் 9 விழுக்காடு. இதைக் கண்டறிந்த ஆய்வாளர் மேயர் ஹில்மனும் கூட்டாளிகளும், சிறுவர் விபத்துச் சாவுகள் குறைந்ததற்குச் சாலை பத்திரமானது காரணமல்ல, பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டதே காரணம் என்றார்கள். நாமும் பிள்ளைகளை எடுத்துவிட்டோம். சாவு மட்டும் குறையவில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் எல்லா வயதினரும் சேர்த்து 1,68,491 பேர் இறந்தார்கள்.

பள்ளிப்பட்டில் சாலையோடு ஆறும் சேர்ந்துகொள்கிறது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் கொசஸ்தலையில் தண்ணீர் ஏறும், தரைப்பாலம் முங்கும். அக்கரைக் கிராமத்துப் பிள்ளைக்கு அன்று பள்ளி இல்லை, இல்லாவிட்டால் சுற்றுவழி. மழைக்காலத்தில் அந்த வீட்டுத் தாய் பிள்ளையைத் தனியே விட மறுத்தால், அதைப் பயம் என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் இல்லாத நாளில் கரும்பு டிராக்டர். ஓரத்தில் இறங்கி நிற்க மண்பாதைகூட இல்லாத இடத்தில், டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு பிள்ளையின் தலை உயரத்தில் உரசிக்கொண்டு போகும்.

2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப்பள்ளிகளில் எல்லாம் காலை உணவு. நல்ல திட்டம். அதனால் பிள்ளை வீட்டைவிட்டு இன்னும் முன்னதாகக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் விசைத்தறிக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் அம்மா கூட வர முடியாது. நடக்கிற பிள்ளைகள் இப்போது பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள், வேனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். நடக்கச் சாலையோரப் பாதை யாருக்கு வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கழிவறை, சுற்றுச்சுவர், சத்துணவு எல்லாம் பேசப்படுகின்றன. அடுத்த கூட்டத்தில் வழியையும் பேசட்டும்: எந்த வளைவில் பிள்ளை தார் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது, எங்கே வேகத்தடை வேண்டும், எட்டிலிருந்து ஒன்பது வரை அங்கே யார் நிற்பது, தரைப்பாலம் முங்கினால் பள்ளிக்கு யார் தகவல் சொல்வது. தீர்மானத்தின் நகலை ஊராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் அனுப்பட்டும்.