கடைசிப் பாட்டு யாருடையது?



2024ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு திங்கட்கிழமை. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இசைக்கல்விப் பாடவேளை முடியச் சில நிமிடங்களே இருந்தன. முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, செத்துப் போனவங்க எப்படிப் புதுப் பாட்டுப் பாடுவாங்க?” என்று கேட்டாள். “அதெல்லாம் கணினி செய்யும் வேலையம்மா” என்று சொல்லி உட்கார வைத்தேன். மணி அடித்தது. நானும் தப்பித்தேன்.

தப்பித்தேன் என்பதுதான் சரியான சொல். அவள் கேட்டது கணினியைப் பற்றியன்று என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அவள் கருதிய பாட்டு ‘சின்னச் சின்னக் கண்கள்’. நடிகர் விஜய்யின் பிறந்த நாளான ஜூன் 22 அன்று, ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ என்ற படத்துக்காக வெளியிடப்பட்டது. யுவன் சங்கர் ராஜா இசை. விஜய்யுடன் இணைந்து ஒலித்த பெண்குரல் இளையராஜாவின் மகள் பவதாரிணியுடையது. அவரோ அவ்வாண்டு சனவரி 25ஆம் நாள் இலங்கையில் புற்றுநோயால் காலமானவர். அகவை நாற்பத்தேழு. ‘பாரதி’ படப் பாட்டுக்காகத் தேசிய விருது பெற்றவர். சற்றே குழந்தைத்தனம் கலந்த, எளிதில் மறக்கவியலாத குரல் அவருடையது.

அப்பாட்டின் பின்கதையைத் தம்பியாகிய யுவனே பின்னர் எழுதினார். பெங்களூரில் இசையமைத்துக்கொண்டிருந்தபோதே இது அக்காளுக்குரிய பாட்டு என்று தோன்றியதாம். உடல்நலம் தேறி வந்ததும் பாடவைக்கலாம் என்று எண்ணினாராம். ஒரு மணி நேரத்தில் இறப்புச் செய்தி வந்துவிட்டதாம். பிறகுதான் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அந்தக் குரலை உருவாக்கியிருக்கிறார்கள்.

மறுநாள் எங்கள் ஆசிரியர் அறை இரண்டாகப் பிரிந்தது. பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர், காலையில் மகிழுந்தில் கேட்டுக்கொண்டே வந்து, பள்ளி வாயிலில் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறங்கினேன் என்றார். தம்பி அக்காளுக்குச் செய்த கடைசி மரியாதை. அதைக் குறைசொல்ல நாம் யார் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சியில் கணித ஆசிரியர். “குரல் இருக்கிறது, மூச்சு இல்லை” என்று ஒரே வரியில் முடித்தார். இளையவர் ஒருவர், இதே படத்தில் 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்தையும் திரையில் கொண்டுவரப் போகிறார்களாம் என்று உற்சாகமாகச் சொல்ல, கணித ஆசிரியர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். (படம் செப்டம்பரில் வெளிவந்தபோது அவ்வாறே, குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அவர் உருவம் தோன்றியது.) எங்கள் அறை மட்டுமன்று, தமிழ் கேட்கும் உலகமே அந்த வாரம் இப்படித்தான் பிளந்து கிடந்தது.

இந்தச் சண்டையைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தவர்கள் லிவர்பூல் நகரத்து நால்வர்.

என் தந்தையார் சிரம்பானிலிருந்து ரந்தாவ் போகும் சாலையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அறுபதுகளில் மலாய் இளைஞர்கள் கிட்டாரும் கையுமாகக் குழுக்கள் அமைத்துப் பாடிய ‘பாப் யே யே’ அலை தோட்டத்து வானொலிப் பெட்டிகளையும் விட்டுவைக்கவில்லை. அந்த ‘யே யே’ என்ற பெயரே பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டிலிருந்து வந்ததுதான். தந்தையாருக்கு ஆங்கிலம் அலுவலக அளவுக்கே தெரியும். ஆயினும் டி.எம்.சௌந்தரராஜனுக்கு அடுத்தபடி அந்த நால்வர்தாம் அவருக்கு. எனவே, 2023 நவம்பர் 2ஆம் நாள் ‘நவ் அண்ட் தென்’ என்ற பாட்டு, பீட்டில்ஸ் குழுவின் கடைசிப் பாட்டு என்ற அறிவிப்போடு வெளிவந்தபோது, இசைத்தட்டும் தந்தையாரும் இல்லாத வீட்டில் நான் மட்டும் அமர்ந்து கேட்டேன்.

அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கேதான் விடயம் இருக்கிறது.

ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் தம் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே சாதாரண ஒலிநாடாவில் அந்தப் பாட்டைப் பதிந்து வைத்திருந்தார். 1980 டிசம்பர் 8 அன்று அவ்வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து அவர் துணைவியார் யோக்கோ ஓனோ, அந்தப் பதிவுகளைப் பால் மெக்கார்ட்னியிடம் ஒப்படைத்தார். மிஞ்சியிருந்த மூவரும் கூடி இரண்டு பாடல்களை முழுமையாக்கி 1995இலும் 1996இலும் வெளியிட்டனர். மூன்றாவதாகிய இந்தப் பாட்டு மட்டும் கைகூடவில்லை. நாடாவில் மின்சார இரைச்சல். பியானோ ஒலி குரலை விழுங்கியது. ஜார்ஜ் ஹாரிசனுக்கும் அதில் மனம் ஒட்டவில்லை. கைவிட்டார்கள். 2001இல் ஹாரிசனும் மறைந்தார்.

பிறகு இயக்குநர் பீட்டர் ஜாக்சன், பீட்டில்ஸ் பற்றிய தம் ஆவணப்படத்துக்காக ஒரு கணினி முறையை உருவாக்கச் செய்தார். ஒன்றாய்க் கலந்து பதிவான ஒலிகளில் இது குரல், இது கிட்டார், இது பியானோ என்று பயிற்சி பெற்ற கணினி தனித்தனியே பிரித்தெடுக்கும். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. அதைக்கொண்டு லெனனின் குரலை மட்டும் துலக்கமாக எடுத்தார்கள். 1995இல் ஹாரிசன் வாசித்த கிட்டாரையும் சேர்த்துக்கொண்டார்கள். மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் புதிதாக வாசித்தனர். நால்வரும் ஒரே பாட்டில் கூடினர். பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது, 1969க்குப் பிறகு அக்குழுவுக்குக் கிட்டிய முதல் முதலிடம். 2025இல் கிராமி விருதும் பெற்றது.

ஆயினும் இரசிகர்கள் ஒன்றுபட்டார்களா? இல்லை. 2023 ஜூன் மாதம் மெக்கார்ட்னி ஒரு நேர்காணலில் செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லை உச்சரித்ததுமே, லெனனைப் போலப் பொய்க்குரல் செய்கிறார்கள் என்று பலர் கொதித்தெழுந்தனர். செயற்கையாக எதையும் உருவாக்கவில்லை என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பாட்டு வந்தபின், லெனன் பதிந்த ஒரு பகுதியையே வெட்டிவிட்டார்களே என்று மனம் நொந்தவர் உண்டு. இது லெனனின் தனிப்பாட்டு, குழுவின் பாட்டன்று என்று வாதிட்டவர் உண்டு. முதியவர்களையும் அவர்களது இளமை உருவங்களையும் ஒரே காட்சியில் கலந்த காணொளியைச் சிலர் கொண்டாட, சிலருக்கு அது கூச்சமாக இருந்தது. அழுதவர்களும் உண்டு. நானும் அழுதேன், என் தந்தையாருக்காக.

இப்போது பவதாரிணியின் பாட்டுக்கு வருவோம். இரண்டையும் ‘செயற்கை நுண்ணறிவுப் பாட்டு’ என்று ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறோம். அது பிழை. லெனன் அந்தச் சொற்களைத் தம் வாயால் பாடினார். கணினி செய்தது தூசு தட்டிய வேலை. பவதாரிணி இந்தப் பாட்டைப் பாடவேயில்லை. வேறொருவர் பாடிய பாட்டின்மேல் ஒருவருடைய குரலின் சாயலைப் போர்த்துவதுதான் இத்தகைய முறைகளின் வழக்கம். எடுத்துக் கொடுப்பது வேறு, ஏற்றிச் சொல்வது வேறு. தேர்வுத்தாள் திருத்தும் நமக்கு இது விளங்காததன்று. மாணவனின் கையெழுத்து மங்கலாக இருந்தால் கண்ணாடி போட்டுப் படிக்கிறோம். அவன் எழுதாத விடையை அவன் கையெழுத்தில் நாமே எழுதி மதிப்பெண் போடுவதில்லை.

எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அவர்களையும் இங்கு நினைக்கலாம். அவர் 2020 செப்டம்பர் 25இல் மறைந்தார். ரஜினிகாந்துக்காக அவர் உயிரோடிருந்தபோது பாடிவைத்த ‘அண்ணாத்த’ படப் பாட்டு 2021 அக்டோபரில் வெளிவந்தது. அதுவும் மறைவுக்குப் பின் வந்த குரல்தான். ஆனால் அந்த மூச்சு அவருடையது. பிற்பாடு ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் அவர் குரலைக் கணினியால் உருவாக்கிவிட்டார்கள், எங்களிடம் கேட்கவில்லை என்று அவர் மகன் 2024இல் சட்ட அறிவிப்பு அனுப்பினார். அதே ஆண்டு ஏ.ஆர்.ரகுமான், ‘லால் சலாம்’ படப் பாட்டொன்றில் மறைந்த சாகுல் ஹமீதையும் 2022இல் மறைந்த பம்பா பாக்கியாவையும் இதே முறையில் பாடவைத்தபோது, குடும்பத்தாரிடம் ஒப்புதல் பெற்று உரிய ஊதியமும் அளித்ததாகப் பொதுவில் அறிவித்தார். கேட்டுச் செய்வது கேளாமல் செய்வதைவிட ஆயிரம் மடங்கு மேல். எனினும் ஒப்புதல் தந்தவர்கள் மகனும் மனைவியும்தாம், பாடகரல்லர் என்ற உறுத்தல் எனக்குப் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் போர்வைக்கு அடியில் உண்மையாகப் பாடுகிறவர் யார்? இரசிகர்கள் இறந்தவருக்காக அழுகிறோம். இறந்தவர் வேண்டாம் என்று சண்டையும் இடுகிறோம். உயிரோடிருந்து தொண்டை கொடுத்தவரைப் பற்றி இரு கட்சியும் பேசக் கேட்டேனில்லை. பிள்ளைகளைப் பாட்டுப்போட்டிக்குத் தயார் செய்து, பள்ளி வேனில் ஏற்றிச் சிரம்பான் மண்டபங்களுக்கு அழைத்துப் போகும் நமக்கு இது கவலையில்லையா?

நம் நாட்டு அலிகேட்ஸ் குழுவை அறியாதார் இல்லை. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் மலாய்ப் பாட்டுலகில் கொடிகட்டிப் பறந்தவர்கள். 2007இல் தம்பி லோகா மறைந்தார். அண்ணன் தொடர்ந்து பாடினார். தம்பியின் இடம் வெற்றிடமாகவே இருந்தது. இரசிகர்கள் அந்த வெற்றிடத்தோடுதான் கைதட்டினார்கள். அதில் ஒரு கண்ணியம் இருந்ததாகவே எண்ணுகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது.

எங்கள் பள்ளி முன்பு ஒரு தோட்டத்தில் இருந்தது. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியான பின் இப்போதைய இடத்துக்கு வந்தது. பழைய பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பிரியாவிடைப் பாட்டு ஒன்று கட்டித் தருவார். அவர் மறைந்து பல ஆண்டுகளாகின்றன. ஒரேயோர் ஒலிநாடா எஞ்சியிருக்கிறது. அதில் அவர் வரி வரியாகப் பாடிக் காட்டுகிறார், நடுவில் ஒருவனை அதட்டுகிறார், சேவல் கூவுகிறது, ரப்பர்ப்பால் ஏற்றிப்போகும் லாரி உறுமுகிறது.

2025இல் முன்னாள் மாணவர் ஒன்றுகூடலுக்குத் திட்டமிட்டபோது, கணினித் துறையில் இருக்கும் ஒரு முன்னாள் மாணவர், அந்த நாடாவைக் கொண்டு ஆசிரியர் குரலிலேயே புதுப் பாட்டொன்றைச் செய்துவிடலாம் என்றார். பழைய பள்ளிக்கு விடைகொடுக்கும் பாட்டாக அவரே பாடியதுபோல் இருக்கும் என்றார். பாதிப் பேர் கைதட்டினர். நான் எதிர்த்தேன். மேலே எழுதிய நியாயங்களையெல்லாம் அடுக்கினேன். கூட்டம் சூடாகி, நாடாவைத் துலக்கி அப்படியே ஒலிக்கச் செய்வது என்று முடிந்தது. வெற்றி எனதே என்று வீட்டுக்கு வந்தேன்.

ஒன்றுகூடலில் நாடா ஒலித்தது. அதட்டலைக் கேட்டு ஐம்பது வயதுக்காரர்கள் சிரித்தார்கள். அதட்டப்பட்டவரும் அங்கிருந்தார். முன்வரிசையில் ஆசிரியரின் துணைவியார், எண்பதை நெருங்கிய அம்மையார். நிகழ்ச்சி முடிந்ததும் வணங்கப் போனேன். “நல்லாருந்துச்சு தம்பி” என்றவர், சற்றுப் பொறுத்து, “அவர் புதுசா ஒண்ணு பாடுவாருன்னு பிள்ளைங்க சொன்னாங்களே, அது எப்போ?” என்று கேட்டார்.

தேர்வுத்தாள், கண்ணாடி, மதிப்பெண் எதுவும் என் வாய்க்கு வரவில்லை. “பார்க்கலாம் அம்மா” என்றேன். என் கருத்து மாறவில்லை. ஆனால் யுவன் செய்ததை இனி ஆசிரியர் அறையில் பழிக்கமாட்டேன். அவர் தம்பி, அந்த உரிமையும் அந்த வலியும் அவருடையவை. இரசிகர்களாகிய நமக்கு அந்த உறவில்லை. நாம் அடுத்த பாட்டும் அடுத்த பாட்டும் கேட்டுக்கொண்டேயிருப்போம், கடைசிப் பாட்டு என்று ஒன்று இல்லாமலே போகும்வரை.

வகுப்பில் கேள்வி கேட்ட அந்த மாணவிக்கு, அடுத்த வாரமே, கரும்பலகையில் இரண்டு கோடு வரைந்து விளக்கினேன். மேற்கோடு குரல், கீழ்க்கோடு உண்மையில் பாடியவர். “அப்போ கீழே இருக்கறவங்க பேரு என்ன ஐயா?” என்றாள். அதற்கும் என்னிடம் விடையில்லாமற் போயிற்று.

முன்னாள் மாணவர் குழு பள்ளி விடுமுறையில் மீண்டும் கூடுகிறது. இம்முறை அந்த அம்மையாரையும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன். இத்தகைய நிலை உங்கள் பள்ளியில் நேர்ந்திருந்தால் எவ்வாறு முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.