விமானம் ஏன் தானாகச் சாய்கிறது?

இம்முறை பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகள் கணினியில் ஆடும் விமான விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "அதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா, வாத்தியாரே?" என்று சிலர் கேட்பீர்கள். செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிக் கொடுத்த ஜாய்ஸ்டிக், ஆறு மாதத்தில் பேய் பிடித்ததுபோல் ஆடத் தொடங்கினால், அது நம் வீட்டு விஷயந்தானே?

நடப்பது இதுதான். பையன் கையை எடுத்துவிட்டாலும் விமானம் இடப்பக்கம் சாய்கிறது. ஓடுபாதையில் இறங்கும் நேரத்தில் திடீரென்று ஒரு வெட்டு வெட்டுகிறது. அப்பா பார்த்துவிட்டு, "நீதான் முறுக்கி உடைச்சிருப்பே" என்று பிரம்பைத் தேடுகிறார். கடைத் தவுக்கேயோ, "பழசைப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்கிறார். இருவருமே அவசரப்படுகிறார்கள் என்பேன்.

ஜாய்ஸ்டிக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்து ரேடியோ நினைவிருக்கிறதா? சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகினால் சில சமயம் 'கர் கர்' என்று இரையும். குமிழுக்கு அடியில் ஒரு கரித்தடம் இருக்கும். அதன்மேல் சின்னதொரு உலோக விரல் உரசிக்கொண்டு நகரும். விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகள் பலவற்றிலும் அதே பொருள்தான் இருக்கிறது. முன்னும் பின்னும் அசைவதற்கு ஒன்று, பக்கவாட்டுக்கு இன்னொன்று. தடத்தின் ஒரு முனையில் 5 வோல்ட், மறு முனையில் சுழி என்று வைத்துக்கொள்வோம். விரல் நடுவில் நின்றால் இரண்டரை வோல்ட் கிடைக்கும். உள்ளேயிருக்கும் சில்லு அதை ஓர் எண்ணாக மாற்றும். சுழியிலிருந்து 1023 வரை எண்ணும் சில்லு என்றால், நடு நிலை ஏறக்குறைய 512. கணினிக்குப் போவது அந்த எண் மட்டுமே. கையில் பிடித்திருப்பது பையனா பூனையா என்று அதற்குத் தெரியாது.

கைப்பிடி எப்போதும் நடுவைச் சுற்றியே ஆடுகிறது. ஆகவே கரித்தடம் முதலில் தேய்வதும் அந்த நடுப்பகுதியில்தான். தேய்ந்த பொடியும் வெளியிலிருந்து புகுந்த தூசியும் அங்கேயே சேர்கின்றன. கடற்காற்றும் ஈரமும் கலந்த நம் கோலா சிலாங்கூர்ப் பக்கத்தில் உலோகம் சீக்கிரம் கறுப்பதைச் சொல்ல வேண்டுமா? விரல் சரியாகத் தொடாத நொடியில் 512 என்பது 700 ஆகும், மறு நொடி 490 ஆகும். விமானம் குலுங்கும். முறுக்கி உடைத்த குற்றம் பையன்மேல் விழும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். காசு செலவில்லை. விண்டோஸ் கணினியின் தேடல் கட்டத்தில் 'கேம் கண்ட்ரோலர்' என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், யூஎஸ்பி விளையாட்டுக் கருவிகளுக்கான பக்கம் திறக்கும். அதில் உங்கள் ஜாய்ஸ்டிக்கைத் தேர்ந்து 'பிராப்பர்ட்டீஸ்' அழுத்தினால் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு கூட்டல் குறியும் தெரியும். இப்போது கையை எடுத்துவிட்டு அந்தக் குறியை மட்டும் பாருங்கள். அது தானாகத் துடித்தால் நோய் ஜாய்ஸ்டிக்கிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. துடிக்காமல், நடுவை விட்டு ஓரமாக நின்றால் அளவு பிசகியிருக்கிறது. அதே பக்கத்தில் 'கேலிபிரேட்' செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். குறி நடுவில் ஆடாமல் நிற்க, விளையாட்டில் மட்டும் விமானம் சாய்கிறதா? ஜாய்ஸ்டிக்கைக் குறை சொல்லாதீர்கள். விளையாட்டின் அமைப்பைப் பாருங்கள்.

அமைப்பில் என்ன கோளாறு வரும்? புதுக் கருவியைச் செருகியதும், இது போன்ற விளையாட்டுகள் தாங்களாகவே அதற்கு வேலை ஒதுக்கிவிடும். மேசையில் பழைய எக்ஸ்பாக்ஸ் கைக்கருவி ஒன்றும் செருகிக் கிடந்தால், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வேலை இரண்டுக்கும் போயிருக்கும். ஒரு லோரிக்கு இரண்டு ஸ்டீரிங் இருந்தால் என்ன ஆகும்? வேண்டாததைப் பிடுங்கிவிடுங்கள், அல்லது அமைப்புப் பக்கத்தில் அதற்கு ஒதுக்கியதை நீக்குங்கள்.

உண்மை விமானத்திலும் இந்தச் சங்கடம் உண்டு. நம் நாட்டில் ஏர்ஏசியா ஓட்டும் ஏர்பஸ் ஏ320 வகை 1988இல் சேவைக்கு வந்தது. அதில் இரு விமானிகளுக்கும் பக்கவாட்டில் ஜாய்ஸ்டிக் போன்ற ஒரு கைப்பிடி தனித்தனியாக உண்டு. இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கணினி இரண்டையும் கூட்டிக் கணக்கிடும். ஒருவர் இழுக்க, மற்றவர் தள்ள, ஒன்றையொன்று அடித்துப் போகும். அதனால்தான் 'இருவர் அசைக்கிறீர்கள்' என்று எச்சரிக்கும் குரலும், ஒருவரே பொறுப்பேற்பதற்கு ஒரு பொத்தானும் வைத்திருக்கிறார்கள்.

2014 டிசம்பர் 28ஆம் நாள் சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட இந்தோனேசிய ஏர்ஏசியாவின் 8501ஆம் விமானம் கடலில் விழுந்து 162 பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதுவும் ஏ320தான். அடுத்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த விசாரணை அறிக்கையைப் படித்தால் மனம் கனக்கிறது. வால் சுக்கானின் அசைவை மட்டுப்படுத்தும் கருவியில், ஈயம் வைத்துப் பற்றவைத்த ஓரிடத்தில் விரிசல் இருந்தது. தொடர்பு விட்டு விட்டு வந்தது. முந்திய 12 மாதங்களில் அதே கருவி 23 முறை கோளாறு காட்டியிருந்தது. அன்றும் எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. அதை அடக்க மின் இணைப்பைத் துண்டித்தபோது தானியங்கி ஓட்டமும் நின்றுபோனது. பிறகு இரு விமானிகளின் கைகளும் ஒன்றுக்கொன்று மாறாகச் செயல்பட்டன. விரிசல் மட்டுமே விமானத்தை வீழ்த்தவில்லை. ஆனாலும் விட்டு விட்டு வரும் கோளாறை 'அப்படித்தான் அடிக்கடி வரும்' என்று விடுவதன் விலை அந்த அறிக்கையில் இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். விமானி ஆகவேண்டும் என்கிற பிள்ளை இதைக் காது கொடுத்துக் கேட்பான்.

நம் மேசைக்குத் திரும்புவோம். குறி துடித்தால் முதலில் கம்பியைச் சந்தேகியுங்கள். பல கருவிகளைச் சேர்த்துச் செருகும் மலிவான பெட்டி, நீட்டல் கம்பி எல்லாவற்றையும் விலக்கிவிட்டு நேரே கணினியில் செருகுங்கள். கம்பி அடிப்பெட்டிக்குள் நுழையும் இடத்தை மெல்ல வளைத்துக்கொண்டே குறியைக் கவனியுங்கள். அப்போது மட்டும் குதித்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. வேறொரு கணினியிலும் செருகிப் பார்ப்பது நல்லது.

'டெட் சோன்' என்றொரு ஏற்பாடு உண்டு. நடுவில் சிறிதளவு அசைவைக் கணக்கில் எடுக்காதே என்று விளையாட்டுக்குச் சொல்வது. ஐந்து விழுக்காடு வைத்தால் சிறு நடுக்கம் அடங்கும். இருபது, முப்பது என்று ஏற்றிக்கொண்டே போவது, ஒழுகும் கூரைக்கு அடியில் பெரிய பெரிய வாளியாக மாற்றி வைப்பது போலத்தான்.

கழற்றித் துடைப்பது கடைசி வேலை. உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் திருகைத் தொடாதீர்கள். ரசீதோடு கடைக்குப் போங்கள். கடைக்காரர் கைவிரித்தால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. அதைச் சொன்ன மாத்திரத்தில் பேச்சு மாறிய கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காலம் முடிந்திருந்தால் கம்பியைக் கணினியிலிருந்து பிடுங்கிவிட்டு அடித்தட்டைத் திறக்கலாம். திருகாணிகள் சிலவற்றை ரப்பர்க் கால்களுக்கு அடியில் ஒளித்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுருள்வில் துள்ளிப் போனால் எங்கே இருந்தது என்று தெரியவேண்டுமே! மின்சாமான் கடையில் கிடைக்கும் 'கண்டாக்ட் கிளீனர்', அதுவும் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வகையாகப் பார்த்து வாங்கி, கரித்தடப் பெட்டியின் இடுக்கில் சிறிதளவு பீய்ச்சி, கைப்பிடியை முப்பது தடவை எல்லாப் பக்கமும் அசைத்து, நன்றாகக் காயவிடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெய் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். தடம் அடியோடு தேய்ந்திருந்தால் துடைத்தும் பயனில்லை; அந்தச் சிறு பாகத்தை மாற்ற ரேடியோ பழுது பார்ப்பவருக்குத் தெரியும்.

தேயாத வகையும் இருக்கிறது. 1879இல் எட்வின் ஹால் என்பவர் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தி, காந்தத்தின் அசைவைத் தொடாமலேயே அளப்பது. உரசல் இல்லை, ஆகவே தேய்மானமும் இல்லை. திரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்றவற்றில் கைப்பிடி அசைவு இவ்வாறே அளக்கப்படுகிறது. அடுத்த முறை வாங்கும்போது, "ஹால் சென்சாரா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

2020இல் வந்த மைக்ரோசாப்ட் விமான விளையாட்டில் உலகம் முழுவதும் இருக்கிறது. சுபாங்கில் ஏறி, சிலாங்கூர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் மலாவத்தி குன்றின் மேலே பறக்கலாம். பிள்ளைகள் தங்கள் தோட்டத்தைத் தேடித் தாழப் பறப்பார்கள். அந்த நேரத்தில் கைப்பிடி குதித்தால் எவ்வளவு எரிச்சல் என்று நினைத்துப் பாருங்கள்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மடிக்கணினி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், விற்பவர் முன்னாலேயே செருகி, அந்தக் கூட்டல் குறியை இரண்டு நிமிடம் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். பிறகு மெல்ல, மூலைக்கு மூலை அசைத்துப் பாருங்கள். பணத்தை அதற்கப்புறம் எடுக்கலாம்.