வழுக்குவதும் ஒரு நல்ல குணம்

‘‘கிளட்ச் வழுக்குதுங்ணா. இருக்கறதுலயே முரட்டு கிளட்சா ஒண்ணு சொல்லுங்க!’’

மங்கலம், திருப்பூர், சோமனூர் என்று நூலோடு பிழைக்கிற ஊர்களில் இப்போது சகஜமாகக் காதில் விழுகிற கேள்வி இது. வாரம் பூரா பையருக்கு சாம்பிள் அனுப்பி, ஷிப்மென்ட் தேதிக்காக நகம் கடித்த இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் டர்போ காரோடு கிளம்பிவிடுகிறார்கள். கோவைக்கு அந்தப் பக்கம் செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. நீளத்துக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. லட்சுமி மில்ஸ் குடும்பத்துக் கரிவரதன் பெயரில் உள்ள டிராக். 1995ல் விமான விபத்தில் இறந்த அவர், மாருதி 800 இன்ஜினை வைத்தே ரேஸ் கார் கட்டியவர். பஞ்சுக்கும் பெட்ரோலுக்கும் இந்தப் பக்கம் பழைய உறவு!

சரி, கேள்விக்கு வருவோம். ஒரு தம்பியை வைத்துக்கொள்வோம். (கற்பனைதான். உங்களைச் சொல்லவில்லை. ஏன் முறைக்கிறீர்கள்?) அவரிடம் போலோ 1.0 டி.எஸ்.ஐ., கையால் கியர் போடுகிற மாடல். 2022ல் இங்கே உற்பத்தி நின்றுபோனதிலிருந்து அந்தக் காரை வைத்திருப்பவர்கள் குலதெய்வம் மாதிரி பார்க்கிறார்கள். கம்பெனி கொடுத்தது 110 குதிரை, 175 நியூட்டன் மீட்டர் டார்க். தம்பி லேப்டாப்காரரைப் பிடித்து ஈ.சி.யூ.வில் மேப்பை மாற்றினார். டார்க் 240 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் சொர்க்கம். அப்புறம் பைபாஸில் ஐந்தாவது கியரில் மிதித்தால் ஆர்.பி.எம். முள் மட்டும் துள்ளிக் குதிக்கிறது. வண்டி ‘வர்றேன் வர்றேன்’ என்கிறது.

இதுதான் ஸ்லிப். காரணம் எளிது. கிளட்சுக்குக் குதிரை எல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது டார்க் மட்டும். 175க்கு மேலே முப்பது சதவீதம் உபரி வைத்துச் செய்திருந்தால் அது சுமார் 228 வரை பிடிக்கும். 240 வந்தால் கையை விட்டுவிடும். அதுவும் டர்போ இன்ஜின் முழு டார்க்கையும் 1,750 ஆர்.பி.எம்.மிலேயே மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டுகிற ஜாதி.

இப்போது தம்பி கடைக்குப் போகிறார். கடைக்காரர், ‘‘600 நியூட்டன் மீட்டர் தாங்கும் சார், செராமிக் பட்டன் பிளேட், ரேஸ் ஐட்டம்’’ என்று ஒன்றை எடுத்து வைக்கிறார். தம்பியின் கண்ணில் காதல்!

நில்லுங்க தம்பி. வீட்டில் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று அந்த இடத்தில் ஆணியைச் சொருகுவீர்களா? ஆணி போகவே போகாது, நிஜம்தான். வீட்டு ஒயரிங் போய்விடும்.

விசைத்தறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓடுகிற நாடா பெட்டிக்குப் போய்ச் சேராமல் பாவுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், தறி ‘டமார்’ என்று தானே நின்றுவிட வேண்டும். நிற்காத தறி வீரத் தறி அல்ல. பாவு மொத்தத்தையும் அறுத்துத் தள்ளுகிற தறி. எந்த இயந்திரத்திலும் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். காரில் அந்த வேலை கிளட்சுக்கு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிக்னலில் 4,000 ஆர்.பி.எம். ஏற்றி, காலைப் படக்கென்று எடுக்கிறீர்கள். அந்த நொடியில் கியர் பாக்ஸுக்குப் போகிற அடி எவ்வளவு? ‘இன்ஜின் 240தானே, அதனால் 240’ என்பது தப்புக் கணக்கு. சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீல் சேர்த்து வைத்த வேகம் மொத்தமும் ஒரே அடியாக இறங்குகிறது. அந்த அடிக்கு வரம்பு வைப்பது கிளட்ச். 300 வரை பிடிக்கிற கிளட்ச் என்றால் 300ல் வழுக்கி மிச்சத்தைச் சூடாக்கி விட்டுவிடும். 600 பிடிக்கிற கிளட்ச் என்றால் 600 வரை உள்ளே அனுப்பிவிடும். டயர் வழுக்கினால் தப்பித்தீர்கள். டயரும் நல்ல பிடிப்பான ரகம் என்றால், அடுத்து விட்டுக்கொடுக்கப் போவது கியர் பல்லோ, டிரைவ் ஷாஃப்டோ!

இது பெரிய இடத்திலும் நடந்த கதை. 2008ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நிஸ்ஸான் ஜி.டி.-ஆர் டர்போ காரில், பொத்தானைத் தட்டி ராக்கெட் மாதிரி கிளம்புகிற வசதி இருந்தது. கிளம்பிக் கிளம்பிப் பார்த்த சிலருக்கு கியர் பாக்ஸ் போய், வாரண்டிச் சண்டை வந்தது. நிஸ்ஸான் பிறகு என்ன செய்தது? சாஃப்ட்வேரை மாற்றி, குறைந்த ஆர்.பி.எம்.மில் பதமாகக் கிளம்ப வைத்தது. முரட்டுத்தனத்தைக் குறைத்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? கிளட்ச் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு ஒரு சின்னப் பெருக்கல் இருக்கிறது: பிளேட்டின் இரண்டு முகம், உரசும் பொருளின் பிடிப்பு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம். உதாரணமாக 2 × 0.3 × 5,000 நியூட்டன் × 0.09 மீட்டர் = 270 நியூட்டன் மீட்டர். 5,000 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 500 கிலோ பாரம். இந்த நாலில் ஒன்றைக் கூட்டினால் பிடிப்பு கூடும். ஆனால் எதுவும் ஓசியில் கிடைக்காது.

அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும். சாயங்காலம் கம்பெனி விடுகிற நேரத்தில் மங்கலம் ரோட்டில் லாரி, மொபெட், கம்பெனி வேன் எல்லாவற்றுக்கும் நடுவே ஊர்ந்து பாருங்கள். இடது கால் ‘என்னை விட்டுடுங்க சாமி’ என்று கும்பிடும். ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

உரசும் பொருளை மாற்றலாம். ஆர்கானிக் பிளேட் பதமாகப் பிடிக்கும். அரை கிளட்சில் ஊர்ந்தாலும் சமாளிக்கும். கெவ்லார் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஒருமுறை கருகவிட்டால் பழைய பிடிப்பு வருவது கஷ்டம். செராமிக் பட்டன் சூட்டைத் தாங்கும். ஆனால் பாதியில் நிற்கத் தெரியாது. பழைய தையல் மெஷின் கிளட்ச் மோட்டாரைப் பாதி மிதியில் ஓட்டிய டெய்லருக்குப் பதம் தெரியும். அந்தப் பதம் செராமிக்குக்குக் கிடையாது. பிடித்தால் பிடி, விட்டால் விடு!

நம் தம்பிக்கு ஏற்றது, 240க்கு இருபத்தைந்து சதவீதம் கூட்டி சுமார் 300 பிடிக்கிற ஆர்கானிக் பிளேட்டும், ஓரளவு மட்டும் கூடுதல் அழுத்தமுள்ள பிரஷர் பிளேட்டும். பிளேட் நடுவில் சின்னச் சின்ன ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினின் அதிர்வையும் திடீர் அடியையும் வாங்கிக்கொள்வது அதுதான். ஸ்பிரிங் இல்லாத மொட்டை பிளேட் ரேஸுக்குச் சரி. ரேஷன் கடைக்குப் போகச் சரிப்படாது.

கியர் பாக்ஸின் வரம்பையும் கேளுங்கள். 2013ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யின் டி.எஸ்.ஜி. பெட்டிக்கு டி.க்யூ.200 என்று பெயர். ஈரமில்லாத இரட்டைக் கிளட்ச், 250 நியூட்டன் மீட்டர்தான் வரம்பு. ஆயிலில் மூழ்கிய கிளட்சுள்ள டி.க்யூ.250க்கு வரம்பு 350. இன்ஜினே அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் எந்தக் கிளட்சும் காப்பாற்றாது. மேப் போட்டவரிடமே திரும்பிப் போய், ‘‘முதல் இரண்டு கியரில் டார்க்கைக் குறைச்சுக் குடுங்க’’ என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். (வாரண்டி பற்றிப் பேசவே வேண்டாம். மேப்பை மாற்றினால் அதைக் காரணம் காட்டிக் கம்பெனி கைவிரிக்கலாம்.)

வாங்குவதற்கு முன் இன்னொன்று. கிராங்க் சீல் ஒழுகி பிளேட்டில் ஆயில் பட்டாலும் கிளட்ச் வழுக்கும். அதைப் பார்க்காமல் புதுசு மாட்டினால், புதுசும் வழுக்கும். மாட்டிய பிறகு முதல் 800 கி.மீ. டவுனுக்குள் சாதுவாக ஓட்டிப் பிளேட்டைப் படிய விடுங்கள். புது மருமகளைப் போல் நாலு நாள் பழக விட வேண்டும். முதல் நாளே அடுப்படிக்கு விரட்டக் கூடாது.

கிளட்ச் பிளேட் தேயலாம். தேய்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற சாமான் அது. கியர் பாக்ஸ் அப்படியில்லை தம்பி. அது போனால் தேய்வது உங்கள் சம்பளம்!