கொல்லப்பட்டறைக்குப் பட்ட கடன்

மணியாச்சி என்ற பெயர் வரலாற்றில் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு சேர்ந்தே வரும். 1911 ஜூன் 17 அன்று இந்தச் சந்திப்பில் நின்ற ரயில் பெட்டியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்தக் கைத்துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்தது என்பதுவரை எழுதி வைத்திருக்கிறோம். அதே மணியாச்சியைச் சுற்றி ஒட்டப்பிடாரம், கயத்தாறு, எட்டயபுரம், கோவில்பட்டி என்று விரியும் கரிசலில் தலைமுறை தலைமுறையாக ஏர்க்கொழுவும் அரிவாளும் அடித்துக் கொடுத்தவர்களின் பெயர்களை எழுதி வைக்க நாம் மெனக்கெடவில்லை.

இரும்பு இந்த வட்டாரத்துக்குப் பழைய சொத்து. மணியாச்சிக்குத் தெற்கே தாமிரபரணி ஓரம் ஆதிச்சநல்லூர் பரம்பு இருக்கிறது. 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ முறையாக அகழ்ந்தார். தாழிகளோடு வாள், குத்துவாள், ஈட்டிமுனை, அம்புமுனை என்று இரும்பு வந்துகொண்டே இருந்தது. இரும்புக் கருவிகள் முனை கீழே பார்த்தபடி நின்றதையும், துக்கத்துக்கு வந்தவர்களே மண்ணில் குத்திவிட்டுப் போனதுபோல் அது தோன்றியதையும் ரீ குறித்திருக்கிறார். செத்தவரோடு நல்ல இரும்பையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப அந்த மக்களால் முடிந்திருக்கிறது. மறுநாள் வேறொன்று அடித்துக் கொடுக்க ஊரில் ஆள் இருந்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே சிவகளை. அங்கே இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை பின்னால் போகிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை 2025 ஜனவரியில் சொன்னது. அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். விவாதிக்கட்டும், ஆய்வுக்கு அது நல்லது. ஆனால் ஆண்டுக்கணக்கைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தும்போது அதை அடித்த கையையும் நினைக்க வேண்டும்.

தென்னிந்திய உருக்கின் கதை இன்னொரு சான்று. இரும்புத் துண்டை மண் மூசையில் போட்டு, ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து வாயை மூடி, கரித்தீயில் நெடுநேரம் காய்ச்சினார்கள். ஆவாரையும் எருக்கும் நம் கரிசல் ஓடைக்கரையில் இன்றும் கேட்பாரற்று நிற்கிற செடிகள்தாம். கட்டையிலும் இலையிலும் இருந்த கரி இரும்புக்குள் ஏறி, உலகமே தேடிய உருக்கானது. ஜார்ஜ் பியர்சன் 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். பிறகு கத்தித் தொழிலில் பேர்பெற்ற ஸ்டோடர்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் இதே உருக்கை ஆராய்ந்து, அதேபோல் செய்துபார்க்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். ஃபாரடேயின் தந்தை ஒரு கொல்லர். உலைக்களத்துப் பிள்ளை ஒருவர் நம் உலைக்களத்து வித்தையை லண்டன் ஆய்வுக்கூடத்தில் மதித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பது எனக்கு நெகிழ்ச்சி தரும் செய்தி.

அதே காலத்தில் இங்கே நடந்தது வேறு. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-இல் ஊமைத்துரை மறுபடி எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: கம்பெனி அரசு அனுமதித்தவை போக, தென்பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. மணியாச்சியும் அப்படியொரு பாளையம்தான். போர்க்கருவி வேலை போனபின் உலைக்கு மிஞ்சியது வேளாண்மை. பின்னால் சீமையிலிருந்து மலிவான இரும்பு கப்பலில் வந்து இறங்க, உருக்குகிறவர்கள் தொழிலை விட்டார்கள். அடிக்கிறவர்கள் மட்டும் தங்கினார்கள். இன்று நம் பட்டறைகளில் பழுக்கும் இரும்பு பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை.

அந்தப் பட்டையை அரிவாளாக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உளியால் அளவு வெட்டி, சீமைக்கருவேலங்கரியில் போட்டு ஊதுவார்கள். துருத்தி போய் மோட்டார் ஊதி வந்துவிட்டது; கரி மாறவில்லை. பழுத்த பட்டையைப் பெரியவர் குறடால் பிடித்துப் பட்டறைக்கல்லில் வைப்பார். எதிரே நிற்பவர், பல வீடுகளில் அவர் மனைவி, சம்மட்டியைத் தூக்கிப் போடுவார். பெரியவர் கையில் இருக்கும் சின்னச் சுத்தியல் எந்த இடத்தைத் தட்டுகிறதோ அங்கே சம்மட்டி விழும். பேச்சே இருக்காது. முதுகு தடிப்பாக நிற்க வேண்டும், வாய் மெலிய வேண்டும், மூக்கு வளைய வேண்டும்; எல்லாம் அந்தச் சத்தத்திலேயே நடக்கும்.

கடைசியில் தோய்ச்சல். அரிவாளின் உயிர் அதில்தான். மறுபடி காய்ச்சி, செந்நிறம் ஒரு பக்குவத்துக்கு வந்ததும் வாயை மட்டும் தண்ணீரில் காட்டுவார்கள். முதுகில் தங்கிய சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கும்போது, தேய்த்து வெளுப்பாக்கிய இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடும், பிறகு பழுப்பு, அதன்பின் ஊதா, நீலம். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது அரிவாள் எதற்கு என்பதைப் பொறுத்தது. முன்னதாக நிறுத்தினால் முள்ளுக்கட்டையில் பட்டதும் வாய் பல்லுப்பல்லாகப் போகும், பிந்தினால் மடங்கும். ஆகவே வெயில் முகத்தில் அடிக்கும் இடத்தில் யாரும் தோய்ச்சல் போட மாட்டார்கள். நிழலில்தான் நிறம் தெரியும்.

கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு உண்டு. ஆட்டுக்காரரின் தொரட்டிக்குச் சின்ன வளைந்த அலகு. கரிமூட்டத்துக்கு முள் வெட்டுகிறவருக்கு எடை கூடிய வெட்டரிவாள். கம்பங்கதிர் அறுக்கப் பண்ணரிவாள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டவருக்கு ஆள் உயரம். இவை எல்லாவற்றிலும் நுட்பம் கூடியது பனையேறியின் பாளையரிவாள். நாளும் மரமேறிப் பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவினால்தான் பதநீர் சொட்டும். வாய் மழுங்கி நார் கசங்கினால் ஊற்று அடைபட்டுப்போகும். அலகின் வளைவும் பிடியின் நீளமும் ஏறுகிறவரின் கைக்குச் சரியாக அமைய வேண்டும், ஏனென்றால் அந்தரத்தில் நின்றுகொண்டு ஒரு கையால் சீவுகிறார். வெளிநாட்டில் ஒருவர் பெயர்சொல்லிக் கத்தி செய்வித்துக்கொண்டால் அதைக் கலை என்று படம்போட்டு எழுதுகிறோம். இங்கே பனையேறியும் கொல்லரும் அதையே காலங்காலமாகச் செய்துவந்திருக்கிறார்கள்.

முன்பு இதற்குக் கூலி களத்தில் கிடைத்தது. புரட்டாசி, ஐப்பசி விதைப்புக்கு முன் கொழுவைத் தட்டிக் கொடுத்தால், அறுவடையில் தானியமாகச் ‘சுதந்திரம்’ அளப்பார்கள். டிராக்டர் வந்து கொழு போனது, அந்தப் பங்கும் போனது. நம் ஊர்களில் அந்த முறைக்குள்ளும் சாதியின் மேல்கீழ் இருந்தது; அதை நான் அழகுபடுத்திச் சொல்லவில்லை. ஆனால் அது போன இடத்தில் வேறெந்த ஏற்பாடும் வரவில்லை.

வந்தது சந்தேகம். 2021 செப்டம்பரில் அடுத்தடுத்துக் கொலைகள் நடந்தபோது, அரிவாள் வாங்குகிறவரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்க வேண்டும், பட்டறையில் கேமரா பொருத்த வேண்டும் என்று தமிழகக் காவல்துறை சொன்னது. முன்பின் தெரியாதவருக்கு விற்க வேண்டாம் என்பது நியாயம். பொறுப்புள்ள எந்தக் கொல்லரும் அதை மறுக்க மாட்டார். ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டும் செய்த பொருளை ஆயுதமாக எண்ணவில்லை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் விழுந்த வெட்டுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது சாதிப்பகை. அதை அடக்க முடியாத அரசும் சமூகமும் பட்டறை வாசலில் கேமராவை வைத்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. தமிழ் சினிமாவும் தன் பங்கை எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து அரிவாளைத் திரையில் எத்தனை முறை ஓங்கியிருக்கிறார்கள். அந்த அரிவாளால் ஒரு கதிரையோ முள்ளையோ அறுத்துக் காட்டியது எத்தனை முறை?

ஜெர்மனியில் சோலிங்கன் நகரின் பெயரைக் கண்ட கத்தியிலும் பொறிக்கக் கூடாது என்று 1938-இலேயே சட்டம் போட்டார்கள். ஜப்பானின் சகாய் நகரக் கத்தித் தொழிலை 1982-இல் அந்த நாட்டு அரசு மரபுக் கைவினையாக அறிவித்தது. நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் கிடைத்தது. மகிழ்ச்சிதான். அந்தக் கருப்பட்டி தொடங்குவது பாளையைச் சீவும் அரிவாளில் என்பதை அடுத்த விண்ணப்பம் எழுதுகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 2023-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்காமல், 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. கடனும் மானியமும் தேவைதான். ஆனால் தோய்ச்சலின் நிறத்தைக் கடன் காப்பாற்றித் தராது.

ஆதிச்சநல்லூரில் தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே கண்ணாடி வழியாகப் பார்க்க 2023-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே ஓர் உலையும் எரிய வேண்டும். நம் வட்டாரத்துக் கொல்லர் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் அடிக்கச் செய்யலாம். கோவில்பட்டியில் தொழிற்பயிற்சி பெறும் மாணவர்களை அவரிடம் அனுப்பலாம். தொல்லியல் துறையும் பல்கலைக்கழகங்களும் பட்டறை பட்டறையாகப் போய் அலகின் அளவு, கரி, தோய்ச்சல் நிறம், அடித்தவர் பெயர், ஊர் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். பனை ஏறுகிறவர்கள் குறையக் குறைய அவர்களுக்கு அடித்துக் கொடுப்பவர்களும் குறைகிறார்கள். ஆகவே முதலில் பாளையரிவாள் அடிப்பவர்களிடம் போக வேண்டும், அதுவும் வரும் பதநீர்க் காலத்துக்கு முன்னால்.