பெருநாளைக்கு டீவி வாங்கப் போகிறவர்களுக்கு

பெருநாள் நெருங்கினால் பெற்றோர் என்னிடம் பிள்ளையின் மார்க்ஸ் கேட்கிறதை விட டீவி பற்றித்தான் கூடக் கேட்கிறார்கள். "சேர், எல்ஈடியா கியூஎல்ஈடியா? 4கே இல்லாட்டி சரிவராதாமே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரம்புக்கனையில் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு 32 அல்லது 43 அங்குல சாதாரண எல்ஈடி டீவி தாராளமாகப் போதும். அதற்கு மேலே கொடுக்கிற காசில் பெரும்பகுதி பெயருக்குத்தான் போகிறது.

எல்ஈடி என்று கடையில் விற்பது உண்மையில் எல்சிடி டீவிதான். திரை தானாக ஒளி விடாது, பின்னாலிருந்து சின்ன எல்ஈடி பல்புகள் வெளிச்சம் கொடுக்கின்றன. கியூஎல்ஈடியும் அதே சாமான்தான். குவாண்டம் டொட் என்ற நுண்துகள் படலம் ஒன்று சேர்வதால் நிறம் எடுப்பாகத் தெரியும். (அந்தத் துகள்களுக்காகத்தான் 2023இல் மூன்று பேருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. ஏ.எல். பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.) ஓஎல்ஈடி மட்டும் உண்மையிலேயே வேறு வகை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும், அதனால் கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. படம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் விலையும் அப்படி. அதோடு நம் வீடுகளில் காலையிலிருந்து இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடும். மூலையில் அசையாமல் நிற்கும் லோகோ வருடக்கணக்கில் ஓஎல்ஈடி திரையில் தழும்பாகப் பதிந்துவிடலாம். பிளாஸ்மா பற்றி யாரும் கேட்க வேண்டாம். 2014க்குப் பிறகு பெரிய கம்பனிகள் அதைச் செய்வதே இல்லை. பழையது ஒன்று மலிவாக வந்தால் கரண்ட் பில்லை நினைத்து விட்டுவிடுங்கள்.

இப்போது 4கே. இது ஓ.எல். கணக்குத்தான். நல்ல கண்ணுக்கு ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 43 அங்குலத் திரையில் ஃபுல் எச்டியின் புள்ளிகள் ஐந்தரை அடிக்கு அப்பால் தெரியாது. 55 அங்குலத்தில் ஏழு அடிக்கு அப்பால் தெரியாது. உங்கள் ஹோலில் செட்டி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? எட்டு அடி என்றால் 4கேக்குக் கொடுத்த காசை உங்கள் கண் பார்க்கவே போவதில்லை.

இன்னொன்று. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கிய காலத்து அனலொக் முறைதான் அன்டெனாவில் இன்றும் வருகிறது. ஜப்பான் டிஜிட்டல் முறைக்கு மாறுவதென்று 2014இல் முடிவெடுத்தும் வேலை இழுபடுகிறது. அனலொக் படத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. 4கே திரையில் 2160. இல்லாத வரிகளை டீவி ஊகித்துத்தான் நிரப்பும். மலை மறைக்கிற பக்கத்து வீடுகளில் வரும் புள்ளி விழுந்த படம் பெரிய திரையில் இன்னும் அசிங்கமாகத்தான் தெரியும். டிஷ் போட்டாலும் எல்லாச் சேனலும் எச்டி இல்லை.

கடையில் கேட்க வேண்டியது வேறு. "பெனல் ஐபிஎஸ்ஸா விஏயா?" என்று கேளுங்கள். ஹோல் அகலமாக, பத்துப் பேர் பக்கவாட்டில் இருந்து பார்க்கிற வீட்டுக்கு ஐபிஎஸ். இருட்டறையில் நேரே இருந்து பார்ப்பவர்களுக்கு விஏ. விற்பவருக்குத் தெரியாவிட்டால் டீவியைப் போடச் சொல்லிப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், நிறம் வெளிறினால் விஏ. பேக்லைட்டின் உதிரிப்பாகம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். எல்ஈடி டீவியில் அடிக்கடி போவது அதுதான். சத்தம் வரும், படம் வராது. இருட்டில் டோர்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரியும். அப்படியானால் பெனல் நல்லது, மாற்றுவது பேக்லைட் பட்டியை மட்டும்தான். "டீவி போச்சு, புதுசு வாங்குங்க" என்று யார் சொன்னாலும் அந்த டோர்ச்சை அடித்துப் பார்க்காமல் தூக்கி எறிய வேண்டாம். வாங்கிய அன்றே பேக்லைட் அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் ஆயுளும் கூடும்.

கரண்ட் விஷயம். 75 வோட் டீவி தினம் ஐந்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 11 யூனிட்டுக்கு மேல். 55 யூனிட்டில் இருக்கிற வீடு அதனால் 60ஐத் தாண்டும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே வேறு கட்டண அட்டவணை. பெரிய டீவி எடுக்க முன்னர் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

தவணைக்கு எடுக்கிறவர்களிடம்தான் எனக்குக் கவலை. "மாதம் 9,500 தானே" என்கிறார்கள். 24 மாதத்துக்கு 228,000. அதே டீவியின் கைக்காசு விலையைக் கேட்டு, இரண்டையும் ஒரே துண்டில் எழுதிப் பாருங்கள். வித்தியாசத்துக்கு என்ன பெயர் என்று நம் ஊரில் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையின் டியூஷன் காசைத் தள்ளிப்போட்டு டீவித் தவணை கட்டும் வீடுகளை வகுப்பில் இருந்தே எனக்குத் தெரிகிறது.

எதை வாங்கினாலும், ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கும்போதே பிளக்கையும் அன்டெனா வயரையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, மின்னல் வயர் வழியாகவும் வரும். மின்னல் அடித்ததுக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது.