எந்த ரிவிஷன், தம்பி?

டிராயிங் தாளின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். பாகத்தின் பெயர், எண், மெட்டீரியல், வரைந்தவர் கையெழுத்து, அதோடு ரிவிஷன் எழுத்து. ஓசூர் சிப்காட்டில் நாலைந்து மெஷின் ஓடுகிற சின்னப் பட்டறையில்கூட சூப்பர்வைசரின் கண் முதலில் அங்கேதான் போகும். பெரிய கம்பெனி 'சி' ரிவிஷன் அனுப்பியிருக்க, பழைய 'பி' தாளை வைத்துக் கடைந்துவிட்டால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். அதனால்தான் புதிதாகச் சேர்ந்த பையனிடம் அவர் முதலில் கேட்பது: "தம்பி, இது எந்த ரிவிஷன்?"

நான்கு வருடப் படிப்பில் இந்தக் கேள்வியை அவனிடம் பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் ஆற்றாமையெல்லாம் அதில்தான்.

அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று 1980களிலேயே ஆலைகள் வந்த ஊர் இது. இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் வரை வந்தாயிற்று. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி உட்படச் சுற்றிலும் கல்லூரிகள் உண்டு. ஆனால் தகவலைத் தேடவும் சோதிக்கவும் அங்கே எப்படிக் கற்றுத் தருகிறோம்? முதலாண்டில் ஒரு மணி நேரம் நூலகத்தைச் சுற்றிக் காட்டி அட்டை கொடுப்பதோடு பல இடங்களில் முடிந்துவிடுகிறது. பிறகு டூ மார்க்ஸ், வாட்ஸ்அப்பில் சுற்றும் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' பிடிஎஃப். பிஎஸ்ஜி டேட்டா புக்கைத் தேர்வறைக்கே எடுத்துப் போகிற பிள்ளைகள்தான். அதில் இருக்கும் எண் எந்த நிபந்தனைக்கு உரியது என்று நின்று பார்க்கிறவர்கள் குறைவு.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கே கடைக்குக் கடை கிடைக்கும் கம்பி இ.என்.8. ஒரு மாணவர் தன் புராஜெக்டில் ஷாஃப்ட் வடிவமைக்க அதன் யீல்ட் மதிப்பைத் தேடுகிறார். ஒரு தளம் 280 மெகாபாஸ்கல் என்கிறது. இன்னொன்று 465. இரண்டும் சரிதான். முதலாவது நார்மலைஸ் செய்த கம்பிக்கு. இரண்டாவது ஹார்டன் செய்து டெம்பர் செய்த, விட்டம் குறைந்த கம்பிக்கு. பெரிய எண் வசதியாக இருக்கிறதென்று அதை எடுத்துக்கொண்டு, ஹீட் ட்ரீட்மென்ட் செய்யாத கம்பியைப் போட்டால் ஷாஃப்ட் வளையும். 'கூகுள்ல இருந்தது சார்' என்ற பதில் அப்போது எதற்கும் உதவாது. இப்போது ஏஐயிடம் கேட்கிறார்கள். அது ஒரே எண்ணைத் தயங்காமல் சொல்லிவிடும். சில சமயம் இல்லாத ஆய்வுக் கட்டுரையைக்கூட ஆதாரமாகக் காட்டும்.

இதற்குத் தனிப் பாடத்தாள் வேண்டாம். நூலகரும் டிசைன் ஆசிரியரும் ஒரே வகுப்பில் நின்றால் போதும். பிஐஎஸ் தளத்தில் பதிவு செய்துகொண்டால் பெரும்பாலான இந்தியத் தரநிலைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சிவில் பிள்ளைகள் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456-ன் 1978 பதிப்பையும் 2000 பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியது என்று ஒரு பிற்பகல் பார்க்கட்டும். மெக்கானிக்கல் பிள்ளைகள் ஒரு பேரிங் எண்ணைத் தயாரிப்பாளரின் கேட்டலாக்கிலேயே சரிபார்க்கட்டும்.

நூலகத்துக்கு வருகிறவருக்குத் தேவையானதைத் தேடிக் கொடுப்பதும் நூலகரின் கடமை என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர்; கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவர் 1962-ல் தொடங்கிய ஆவணவியல் பயிற்சி மையம், ஓசூர் எல்லையைத் தாண்டினால் பெங்களூரில் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் கல்லூரி நூலகர்களைப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர்களாகவே வைத்திருப்பது நியாயமில்லை.

இந்தப் பருவத்தின் புராஜெக்ட் ரிவ்யூவுக்கு உட்காரப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் தாளில் ஒரு வரி சேருங்கள்: இந்த எண் எங்கிருந்து வந்தது, எந்தப் பதிப்பு, எந்த நிபந்தனைக்கு? அதற்குப் பத்து மதிப்பெண் வையுங்கள். பதில் சொல்லத் தெரியாத மாணவரை நூலகத்துக்கு அனுப்பி, மறு வாரம் திரும்ப வரச் சொல்லுங்கள்.